பதினைந்து வயதை நெருங்கும் ஹூண்டாய் ஐ10: பழுதுகள், செலவுகள், வைத்துக்கொள்வதா விற்பதா என்ற முடிவு – முழுமையான வழிகாட்டி

ஹூண்டாய் ஐ10 கார் 2007 அக்டோபர் கடைசியில் அறிமுகமானது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் தயாராகி, உள்நாட்டில் விற்றதோடு இங்கிருந்தே பல நாடுகளுக்குக் கப்பலேறிய கார் இது. 2010, 2011-ஆம் ஆண்டுகளில் வாங்கப்பட்ட ஐ10 கார்கள் இப்போது பதினைந்து ஆண்டுப் பதிவுக்காலத்தின் விளிம்பில் நிற்கின்றன. ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், இன்சூரன்ஸ் கட்ட வேண்டும், முன்பக்கம் எங்கோ "டக் டக்" என்று சத்தம் வருகிறது, ஏ.சி. முன்போல் குளிரவில்லை என்று செலவுகள் ஒரே நேரத்தில் வந்து குவியும் வயது இது.

இந்த வயதுக் காரில் பணம் பெரும்பாலும் வீணாவதற்குக் காரணம், பழுதுகளைப் பார்க்கும் வரிசை தவறுவதுதான். காதுக்குக் கேட்கிற சத்தத்துக்கு முதலில் செலவு செய்கிறோம். சத்தமே இல்லாமல் எஞ்சினைத் தின்றுகொண்டிருக்கும் பழுதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம். எனவே இந்த வழிகாட்டி மூன்று அடுக்குகளாகச் செல்கிறது: கவனிக்காமல் விட்டால் இன்னொரு பெரிய பாகத்தைக் கெடுக்கக்கூடிய பழுதுகள் முதலில், உயிருக்கு ஆபத்தானவை அடுத்து, வசதிக்கானவை அதன் பிறகு. பிரேக்கில் ஏற்கெனவே கோளாறு தெரிந்தால் மட்டும் இந்த வரிசையைப் பார்க்காமல் அன்றே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும். ஐ10-ஐ வைத்து எழுதினாலும் சான்ட்ரோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட் போன்ற அதே வயதுக் கார்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இங்கே தரப்படும் தொகைகள் தமிழ்நாட்டு நகரங்களில் வெளி ஒர்க்‌ஷாப்புகளில் ஆகும் உத்தேசச் செலவுகள். ஊரையும், பாகத்தின் தரத்தையும், கூலியையும் பொறுத்து ஏறும், இறங்கும்.

முதல் படி: எந்த எஞ்சின் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஐ10-இல் பரவலாகக் காணப்படும் பெட்ரோல் எஞ்சின்கள் இரண்டு. ஒன்று 1,086 சி.சி. கொண்ட 1.1 லிட்டர் ஐ.ஆர்.டி.இ. எஞ்சின், சான்ட்ரோவில் பழகிய அதே குடும்பத்தைச் சேர்ந்தது. மற்றொன்று 1,197 சி.சி. கொண்ட 1.2 லிட்டர் காப்பா எஞ்சின். ஆர்.சி.யில் சி.சி. அளவைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். இந்த வேறுபாடு முக்கியமானது, ஏனெனில் 1.1 எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கிறது, காப்பாவில் டைமிங் செயின் இருக்கிறது. பழைய கார் வாங்குகிறவர்களில் பலர் இதைக் கேட்பதே இல்லை. நிறத்தையும் மியூசிக் சிஸ்டத்தையும் கேட்கிறார்கள்.

அடுத்து, கிடைக்கிற பில்களையெல்லாம் எடுத்துத் தேதி வாரியாக அடுக்குங்கள். டைமிங் பெல்ட், கிளட்ச், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), பிரேக் ஆயில், கியர் ஆயில், பேட்டரி, டயர் ஆகிய ஏழுக்கும் கடைசியாக எப்போது, எத்தனை கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பில் இல்லாத இனத்தை "மாற்றவில்லை" என்றே கொள்ள வேண்டும். "போன ஓனர் மாத்தியிருப்பார்" என்ற நம்பிக்கையில் விடப்பட்ட டைமிங் பெல்ட்கள் எஞ்சினைத் திறக்க வைத்த கதைகளை எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார்.

இரண்டாம் படி: டைமிங் பெல்ட்

1.1 எஞ்சின் வைத்திருப்பவர்கள் முதல் பணத்தை இங்கேதான் போட வேண்டும். கிராங்க் ஷாஃப்டையும் கேம் ஷாஃப்டையும் இணைத்து, பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வுகள் மூடியிருக்கும்படி பார்த்துக்கொள்ளும் ரப்பர் பெல்ட் இது. ஓட்டத்தில் இது அறுந்தால் கேம் நின்றுவிடும். திறந்த நிலையில் நின்ற வால்வுகளின் மேல் பிஸ்டன் வந்து மோதி, வால்வுகள் வளையும். பிறகு சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பி, வால்வு, கைடு, கேஸ்கெட் எல்லாம் மாற்றி முடிப்பதற்குள் 25,000 முதல் 40,000 ரூபாய் வரை ஆகிவிடும். முன்கூட்டியே பெல்ட்டை மாற்ற ஆகும் செலவு 4,000 முதல் 7,000 ரூபாய்தான்.

இந்த எஞ்சினுக்கு 60,000 கிலோமீட்டரில் மாற்றுவது மெக்கானிக்குகளிடம் நிலைத்த வழக்கம். ஆனால் ரப்பருக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை. வாரத்துக்கு ஒரு முறை கோவிலுக்கும் கடைக்கும் மட்டும் வெளியே எடுக்கப்படும் காரில் பெல்ட் 30,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். ஆனால் எஞ்சின் சூட்டிலும் வெயிலிலும் ஆறேழு வருடம் கிடந்து இறுகியிருக்கும். ஆகவே ஐந்து ஆண்டுகள் கடந்தால் கிலோமீட்டரைப் பார்க்காமல் மாற்றிவிடுவது நல்லது. மேல் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கும்போது பெல்ட்டின் முதுகில் மயிரிழை போன்ற விரிசல்களோ, பற்களின் அடியில் நூல் பிரிந்திருப்பதோ, ஓரத்தில் எண்ணெய் ஈரமோ தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது. எண்ணெய் ஈரம் இருந்தால் கிராங்க் அல்லது கேம் ஆயில் சீல் கசிகிறது என்று பொருள். சீலை மாற்றாமல் புதுப் பெல்ட் போட்டால் அதுவும் எண்ணெயில் ஊறிக் கெடும். பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் தாங்கிச் சுழலும் ஐட்லர் பேரிங்கையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பெல்ட் மட்டும் புதிதாக இருந்து, பழைய பேரிங் இறுகி நின்றாலும் பெல்ட் அறுந்துவிடும்.

காப்பா எஞ்சினின் செயினுக்கு இப்படிக் காலக்கெடு கிடையாது. ஆனால் ஆயிலை நேரத்துக்கு மாற்றாத காரில் செயினும் அதன் டென்ஷனரும் தேயும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகளுக்கு எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து கலகலவென்று சத்தம் வந்தால் அதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் படி: கூலிங் சிஸ்டம்

தமிழ்நாட்டில் பழைய சிறிய கார்களின் எஞ்சினை அதிகம் கெடுப்பது சூடுதான் என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பாதிக் காரணம் வெயில். மீதிப் பாதி, ரேடியேட்டரில் நாம் ஊற்றும் தண்ணீர். கூலன்ட் குறைந்ததும் பக்கத்தில் கிடைக்கும் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த அந்த நீர், வீட்டில் வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதுபோல, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். ஒரு கோடைக்காலத்துக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஏ.சி. போட்டுக்கொண்டு மேம்பாலம் ஏறும் போதோ, டிராஃபிக்கில் இருபது நிமிடம் நிற்கும் போதோ வெப்பம் ஏறத் தொடங்கும்.

சோதிக்கும் முறை எளியது, ஆனால் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். பச்சையோ சிவப்போ தெளிவாகத் தெரிந்தால் நலம். துருவின் பழுப்பு நிறம் தெரிந்தால் வெறும் தண்ணீரில் ஓடியிருக்கிறது. வாய்ப்பகுதியில் வெள்ளைப் படிவு இருந்தால் உள்ளே குழாய்களும் அடைபட்டுக்கொண்டிருக்கின்றன. மேற்பரப்பில் எண்ணெய்ப் படலமோ, காபியில் பால் கலந்தது போன்ற நிறமோ இருந்தால் கூலன்டும் ஆயிலும் கலக்கின்றன. சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்வதே சிக்கனம்.

பிறகு எஞ்சினை ஓட விட்டு ரேடியேட்டர் ஃபேன் நேரத்துக்குச் சுழல்கிறதா, ஏ.சி. போட்டால் சுழல்கிறதா என்று பாருங்கள். ஃபேன் மோட்டார், ரிலே, வெப்ப சென்சார் ஆகியவற்றில் எது கெட்டாலும் ஓடும்போது காற்று பட்டுக் குளிரும், நின்றால் சூடேறும். ஓடும்போதும் சூடேறினால் அடைபட்ட ரேடியேட்டர், (வெப்பத்துக்கேற்பத் திறந்து கூலன்டை ஓட விட வேண்டியது) மூடியே இருக்கும் தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப் ஆகிய மூன்றில் ஒன்று. சில மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு "நம்ம ஊருக்கு இது தேவையில்லை சார்" என்பார்கள். அதை ஏற்காதீர்கள். எஞ்சின் சரியான வெப்பத்துக்கு வராமலேயே ஓடினால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் சேரும், தேய்மானம் கூடும்.

பத்து வயது கடந்த காருக்கு நான் பரிந்துரைப்பது இதுதான்: மேல், கீழ் ஹோஸ்கள், ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட் ஆகியவற்றை ஒரே நாளில் மாற்றி, சிஸ்டத்தைக் கழுவி, தரமான கூலன்டை டிஸ்டில்டு வாட்டருடன் கலந்து நிரப்ப வேண்டும். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியில் மயிரிழை விரிசல் தெரிந்தால் ஒட்டுப் போடாமல் ரேடியேட்டரையே மாற்றுங்கள். 3,500 முதல் 6,000 ரூபாய்க்குள் கிடைக்கும். ஹெட் கேஸ்கெட் வேலைக்கு 12,000 முதல் 20,000 வரை ஆகும் என்பதோடு ஒப்பிட்டால் இது செலவே இல்லை. ஓட்டும்போது வெப்ப எச்சரிக்கை வந்தால் "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்ட வேண்டாம். அலுமினிய சிலிண்டர் ஹெட் கோணுவதற்கு அந்த இரண்டு கிலோமீட்டரே போதும்.

நான்காம் படி: ஆயிலும் புகையும்

ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை மாதம் இரு முறை பாருங்கள். சர்வீஸுக்கு சர்வீஸ் மட்டும் ஆயிலைப் பார்க்கும் பழக்கம் புதுக் காருக்கு ஒத்துவரும், இந்த வயதுக்கு ஒத்துவராது. கையேட்டில் குறித்த தரத்தில், ஆண்டுக்கு ஒரு முறை அல்லது 7,500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் நகரத்து ஓட்டத்துக்குப் போதும்.

ராத்திரி முழுக்க நின்ற காரை ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை ஒரு மூச்சு வந்து நின்றுவிட்டால் வால்வு சீல்கள் இறுகிவிட்டன. அதோடு சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டலாம், ஆயில் அளவை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது; சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை செய்து பார்த்த பிறகே அந்தக் காரில் வேறு எந்தப் பெரிய செலவையும் செய்ய வேண்டும். கரும்புகை பெட்ரோல் அதிகமாக எரிவதைக் காட்டுகிறது. ஏர் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர் ஆகியவற்றில் தேடலாம். எஞ்சின் சூடான பின்னும் விடாமல் வரும் வெண்புகை கூலன்ட் எரிகிறது என்பதன் அடையாளம்.

சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நடுங்கினாலோ, ஏ.சி. போட்டதும் அணைந்துபோனாலோ பெரும்பாலும் த்ராட்டில் பாடியில் கார்பன் படிந்திருக்கும், அல்லது எஞ்சின் மவுண்ட் ரப்பர் அமுங்கிப் போயிருக்கும். சுத்தம் செய்து, பிளக் மாற்றி, அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் சென்சார்களைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் ஒவ்வொரு சென்சாராக மாற்றிப் பார்க்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

ஐந்தாம் படி: பிரேக், டயர், ஸ்டீயரிங்

பிரேக்கில் எல்லோரும் பேட் மாற்றுவார்கள். பிரேக் ஆயிலை மாற்றுவதில்லை. அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறையும். ஏற்காட்டிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ இறங்கும்போது பிரேக் சூடேறினால் திரவம் கொதித்து, பெடல் மெத்தையில் கால் வைத்ததுபோல் உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதுமாக மாற்றச் சொல்லுங்கள். பின் சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக்; டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஈரம் இருக்கிறதா என்று தெரியும். ஈரம் இருந்தால் கசிகிறது. "பின்னாடி பிரேக் அவ்வளவா வேலை செய்யாது" என்று அதை அப்படியே மூடும் வழக்கம் ஆபத்தானது.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3219 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். குறைவாக ஓடும் கார்களில் பட்டன் (சாலையைப் பிடிக்கும் வரிப்பள்ளப் பகுதி) தேயாமலே டயர் வயதாகிவிடும். ஆறு ஆண்டு கடந்த டயரில் பக்கச் சுவரில் விரிசல் தெரிந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். 13 அங்குல டயர் ஒன்று 3,500 முதல் 4,500 ரூபாய் வரை ஆகும்.

ஐ10-இல் ஸ்டீயரிங்குக்கு உதவுவது மின்மோட்டார். வண்டி நின்ற நிலையில் ஸ்டீயரிங்கை இருபுறமும் சற்றே அசைக்கும்போது கைக்குள் "டக் டக்" என்று உணர்ந்தால், ஸ்டீயரிங் தண்டிலுள்ள மோட்டாரின் சிறு ரப்பர் கப்ளிங் பொடிந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பாகத்தின் விலை மிகக் குறைவு. தண்டைக் கழற்றி மாட்டும் கூலிதான் செலவு. இதைத் தெரியாமல் ஸ்டீயரிங் அசெம்பிளியையே மாற்றச் சொல்லிப் பல மடங்கு தொகை எழுதிய மதிப்பீடுகளைப் பார்த்திருக்கிறேன். கையில் உணராமல் காலடியில் சத்தம் கேட்டால் டை ராட் எண்ட், ரேக் எண்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: சஸ்பென்ஷன், கிளட்ச், கியர்

ஸ்பீடு பிரேக்கர்களும் பள்ளங்களும் நிறைந்த நம் சாலைகளில் முதலில் போவது லிங்க் ராட், அடுத்து லோயர் ஆர்ம் புஷ், பிறகு ஸ்ட்ரட் மவுண்ட், கடைசியில் ஷாக் அப்சார்பர். விலையும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் ஏறுகிறது. எனவே சத்தம் கேட்டதும் ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்கிறவரிடம், லிங்க் ராடைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் நின்றால் விஷயம் சில நூறு ரூபாயில் முடிந்தது. முன்பக்கம் முழுவதையும் மாற்றினால் 15,000 முதல் 20,000 வரை ஆகும். அதையும் இடது, வலது என்று இணையாகவே மாற்ற வேண்டும். பின்பக்கம் இரு சக்கரங்களையும் ஒரே குறுக்குத் தண்டால் இணைக்கும் டார்ஷன் பீம் என்பதால் வேலை குறைவு. வளைவில் திரும்பும்போது "கட கட" என்று கேட்டால் ஆக்சிலின் வெளி ஜாயிண்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்தவுடனேயே மாற்றியிருந்தால் கிரீஸ் வெளியேறி ஜாயிண்ட் கெட்டிருக்காது.

கிளட்ச் சோதனைக்கு, சமதளத்தில் மூன்றாம் கியரில் குறைந்த வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். எஞ்சின் சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்ற 8,000 முதல் 12,000 ரூபாய். கியர்பாக்ஸ் இறக்கியிருக்கும் அந்த நேரத்திலேயே கிராங்கின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். பிறகு அதற்காக மறுபடி இறக்கினால் இன்னொரு முறை கூலி. கியர் ஆயிலையும் அப்போதே புதிதாக ஊற்றச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: மின்சாரமும் ஏ.சி.யும்

நம் வெயிலில் பேட்டரி மூன்று, நான்கு ஆண்டு உழைத்தால் நல்ல உழைப்பு. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் பக்கமும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரையும் காட்ட வேண்டும். ஓடும்போதும் ஏறவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாமல் டைனமோவைப் பாருங்கள்.

ஏ.சி. விஷயத்தில் ஒன்றே ஒன்று: ஆண்டுதோறும் கேஸ் நிரப்புவது தீர்வாகாது. கேஸ் எரிபொருள் போல் செலவாகிற பொருள் கிடையாது. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவு எங்கே என்று கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்ப வேண்டும். கண்டன்சரிலோ கூலிங் காயிலிலோ ஓட்டை விழுந்து, கம்ப்ரெஷருக்கு எண்ணெய் சென்று சேராமல் அதுவும் இறுகிப் போனால் செலவு 15,000 ரூபாயைத் தாண்டும்.

எட்டாம் படி: பெட்ரோலில் எத்தனால்

இந்தக் கார்கள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் கணக்கில் இல்லை. எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவு. எனவே மைலேஜ் குறைவது இயல்பு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, பத்து சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட பழைய நான்கு சக்கர வாகனங்களில் இருபது சதவீதக் கலப்பால் 6 முதல் 7 சதவீதம் வரை எரிபொருள் திறன் குறையும் என்று மதிப்பிட்டது. மைலேஜ் குறைந்ததும் எஞ்சின் வேலைக்கு ஓடுவதற்கு முன் இதைக் கழித்துப் பாருங்கள்.

எத்தனால் பழைய ரப்பரையும் பாதிக்கும், ஈரத்தையும் ஈர்க்கும். பெட்ரோல் ஹோஸ்களை அழுத்திப் பார்த்து, உப்பியோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள். தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால் இது ஒத்திப்போட முடியாத வேலை. மாதக்கணக்கில் ஓட்டாமல் வைக்கும் காரில் டேங்கைக் காலியாக வைக்க வேண்டாம். ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டும் பழக்கமும் நல்லதில்லை. டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலில் மூழ்கியிருப்பதால்தான் குளிர்கிறது.

ஒன்பதாம் படி: துருவும் வெள்ளமும்

எஞ்சினைத் திருத்தலாம், துருவேறிய பாடியைத் திருத்துவது எளிதில்லை. கடற்கரை ஊர்களில் ஓடிய கார்களில் கதவுகளின் அடிப்பகுதி, முன் ஸ்ட்ரட் மேல்பகுதி, ஜாக்கி வைக்கும் விளிம்பு, ஸ்டெப்னிக் குழி ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். சென்னைப் பதிவு கொண்ட காரை வாங்குகிறவர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் மனதில் வைத்துச் சோதிக்க வேண்டும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தால், வழக்கமாகச் சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றின் கோடு தெரியும். கழுவுகிறவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுவார்கள். கார்பெட்டின் அடியிலுள்ள பஞ்சிலும் சீட் தண்டவாளத்தின் திருகாணிகளிலும் துரு காட்டிக்கொடுக்கும்.

டெல்லிப் பதிவுக் கார்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, இங்குள்ள வரி ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகும் மலிவாக இருந்தால் மட்டுமே வாங்குங்கள்.

பத்தாம் படி: ஆவணச் செலவுகள்

தனியார் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன் பிறகு ஆய்வுக்கு உட்படுத்தி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். பதினைந்து ஆண்டு முடிந்ததும் காரை ஓட்டக் கூடாது என்ற தடை தமிழ்நாட்டில் தனியார் கார்களுக்கு இல்லை. மத்திய விதிகளில் 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தம் 20 ஆண்டு கடந்த கார்களுக்கு அதை 10,000 ஆக்கியது. இதற்கு மேல் பசுமை வரி தனி. புதுப்பிப்பு விண்ணப்பமான படிவம் 25-ஐக் காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் அளிக்கலாம்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். பழைய கடன் முடிந்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்படாமல் இருந்தால் படிவம் 35-ஐ வங்கியிடம் வாங்கி முதலில் அதை நீக்க வேண்டும். சேசிஸ் எண் பொறித்த இடம் துருவேறியிருந்தால் பென்சில் அச்சு தெளிவாக விழாது. மெதுவாகச் சுத்தம் செய்யலாம், உப்புத்தாள் போட்டு எண்ணையே தேய்த்துவிடக் கூடாது. இன்சூரன்சும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும்.

இன்சூரன்சில், 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு மூன்றாம் தரப்பு பிரீமியம் 2022 ஜூன் முதல் 3,416 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறத்தாழ 4,030. ஐ10-இன் இரு எஞ்சின்களும் இந்த வரம்பில்தான் வருகின்றன. முழுக் காப்பீடு எடுப்பதா என்ற கேள்விக்கு, காரின் மதிப்பைப் பார்த்து விடை காணுங்கள். பத்து வயது கடந்த காரில் உரிமை கோரும்போது உலோகப் பாகங்களின் விலையிலும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களின் விலையிலும் பாதி தேய்மானமாகக் கழிக்கப்படும். சிறு இடிப்புகளுக்கு அந்தக் காப்பீட்டால் பெரிய பயன் இல்லை. ஆனால் வெள்ளம் தேங்கும் தெருவிலோ, வாசலில் சாலையோரமாகவோ கார் நிற்கிறது என்றால் முழுக் காப்பீட்டைக் கைவிட வேண்டாம் என்பேன்.

பதினோராம் படி: கணக்கு

ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். சர்வீஸ் 7,000, பழுதுகளுக்கு ஒதுக்கீடு 18,000, முழுக் காப்பீடு 7,000, டயரை ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் 3,200, பேட்டரியை மூன்று ஆண்டுக்குப் பிரித்தால் 1,500, பதிவுக் கட்டணத்தைப் பிரித்தால் 1,000 ரூபாய். மொத்தம் 37,700. லிட்டருக்கு 14 கிலோமீட்டர், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் எரிபொருளுக்கு ஏறத்தாழ 57,700. ஆக ஆண்டுக்கு 95,400 ரூபாய், கிலோமீட்டருக்கு 12 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

இதை ஏழு லட்சம் ரூபாய் புதுக் காருடன் ஒப்பிடுங்கள். ஆறு லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை 12,455 ரூபாய். வட்டி மட்டும் மொத்தம் 1,47,000-ஐத் தாண்டும், அதாவது ஆண்டுக்கு 29,000-க்கு மேல். ஐந்து ஆண்டு கழித்து அந்தக் கார் மூன்றரை லட்சத்துக்கு விலைபோனால் மதிப்பிழப்பு ஆண்டுக்கு 70,000. சர்வீஸ், இன்சூரன்ஸ் 22,000 என்று வைத்தால் பெட்ரோல் இல்லாமலே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,21,000 ரூபாய். பழைய காரின் 37,700-உடன் உள்ள வித்தியாசம் 83,000-க்கு மேல். புதுக் காரின் மைலேஜ் நன்றாக இருந்து பெட்ரோலில் 13,000 ரூபாய் மிச்சமானாலும் 70,000 நிற்கிறது.

உங்கள் எண்களை இதே முறையில் போட்டுப் பாருங்கள். ஒதுக்கீட்டைத் தாண்டிய கூடுதல் பழுதுச் செலவு இந்த வித்தியாசத்தைத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் மீறினால் விற்பதில் நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு பெரிய பில் வந்ததற்காக விற்பது பெரும்பாலும் நஷ்டம். கிளட்சும் ரேடியேட்டரும் மாற்றிய கையோடு காரை விற்றால் அந்தப் பாகங்களின் பயன் வாங்குகிறவருக்குத்தான் போகும். ஆனால் இந்தக் கணக்கில் அடங்காத ஒன்று பாதுகாப்பு. அந்தக் காலத்து அடிப்படை வகைகளில் ஏர்பேக், அழுத்திப் பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இரண்டும் இல்லாதவை பல. நகரத்துக்குள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காருக்கும், வாரந்தோறும் குடும்பத்தோடு தேசிய நெடுஞ்சாலையில் நூறில் ஓடும் காருக்கும் ஒரே விடை சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம் என்றால், பணக்கணக்கு எதிராக இருந்தாலும் மாற்றுங்கள்.

பன்னிரண்டாம் படி: ஒர்க்‌ஷாப்பும் பாகங்களும்

உத்தரவாதம் முடிந்த காருக்கு நம்பகமான வெளி மெக்கானிக் ஒருவரே போதும், மின்கோளாறுக்கும் ஏ.சி.க்கும் மட்டும் தனித்தனி ஆட்கள் வேண்டும். வேலை தொடங்கும் முன் பாகம், கூலி இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள்; கேட்பீர்கள் என்று தெரிந்தாலே தேவையற்ற மாற்றம் குறையும்.

எதை அசலாக வாங்குவது, எதைப் பழையதாக வாங்குவது என்பதில் தெளிவு வேண்டும். டைமிங் பெல்ட், டென்ஷனர், பிரேக் பாகங்கள், தெர்மோஸ்டாட், ஆயில் சீல்கள் ஆகியவை மோபிஸ் (ஹூண்டாயின் பாக நிறுவனம்) அசலாகவோ பெயர் பெற்ற உற்பத்தியாளரின் பாகமாகவோ இருக்கட்டும். கதவு, பம்பர், ஹெட்லைட், கண்ணாடி, டேஷ்போர்டு பிளாஸ்டிக் போன்றவற்றைச் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில் தயங்காமல் வாங்கலாம். பழைய பிரேக் பாகம், பழைய டயர், பழைய ஏர்பேக் ஆகியவற்றை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

விற்பதென்று முடிவானால்

விற்கும் முன் பெயின்ட் அடிப்பதில் பணம் போடாதீர்கள். புதுப் பெயின்ட் விபத்தை மறைக்கிறது என்ற சந்தேகத்தையே கிளப்பும். பில் நோட்டு, இரண்டு சாவி, நடப்பு ஆர்.சி. ஆகியவை விலையை அதைவிட நன்றாகத் தாங்கும். பதிவுக்காலம் முடியச் சில மாதங்களே இருந்தால் புதுப்பித்துவிட்டு விற்பதா, அப்படியே விற்பதா என்று இரு விலைகளையும் விசாரியுங்கள். பெரும்பாலும் புதுப்பித்த காருக்கு வாங்குகிறவர் எளிதில் கிடைப்பார்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் வெறும் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிடும் வழக்கத்தைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். பெயர் மாறும் வரை சட்டப்படி உரிமையாளர் நீங்கள்தான். அந்தக் கார் எங்காவது விபத்துக்குள்ளானால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி, ஒப்படைத்த நேரம் ஆகியவற்றைப் பூர்த்தி செய்து, அவருடைய அடையாளச் சான்றின் நகலோடு வைத்துக்கொண்டு, பெயர் மாற்றத்துக்கு இணையத்தில் விண்ணப்பம் பதிவான பிறகே வண்டியை அனுப்புங்கள். ஓட்டத் தகுதியற்றது என்று முடிவானால் காயலான் கடைக்குத் தூக்கிக் கொடுக்காமல், பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்து ஒப்படைப்புச் சான்றிதழ் வாங்குங்கள். அதைக் கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை ரத்து செய்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும்.